சைலண்ட் லேக்கில் இரண்டு இரவு: காட்டு ஏரிக்கரையில் கூடாரம் போடுகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

முதல் தடவை காம்பிங் போனபோது நாங்கள் போய்ச் சேர இரவு பத்து மணி. கூடாரம் கடைப் பெட்டியை விட்டு வெளியே வந்ததே அன்றுதான். பத்தரைக்கு, காரில் செருகிய காற்றடிக்கும் பம்ப் காடே அதிர அலறிக்கொண்டிருக்க, பக்கத்துச் சைட்டில் (கூடாரம் போட ஒதுக்கிய இடத்தில்) இருந்து வயதான பெண் ஒருவர் ரோர்ச்சோடு எழுந்து வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மெத்தை நிறையும்வரை வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றார். போகும்போது மட்டும், "ஏரிக்கு அந்தப் பக்கத்திலும் இது கேட்கும்" என்று மெதுவாகச் சொன்னார்.

உண்மைதான். இரவில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழே தங்குகிறது. அதற்கு மேலே சூடான காற்று. இப்படி இருக்கும்போது ஒலி மேலே போய்க் கரையாமல் வளைந்து மறுபடி தண்ணீர் பக்கமே இறங்கும். பகலில் இருபது அடி தாண்டாத பேச்சு, இரவில் அக்கரைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: சத்தம் எழுப்புகிற வேலை எல்லாம் ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபரோ வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். வெட்டுவது, அரைப்பது, பிரிப்பது, பழகுவது, வாக்குவாதப்படுவது, எல்லாம்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள சைலண்ட் லேக் மாகாணப் பூங்கா. ரொறன்ரோவில் இருந்து ஏறக்குறைய இரண்டரை, மூன்று மணி நேர ஓட்டம். 401இல் கிழக்கே போய், 115இல் ஏறி, பீற்றர்பரோ தாண்டி 28ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே. லேக்ஃபீல்ட், பேர்லி ஃபோல்ஸ், அப்ஸ்லி என்று ஊர்கள் வரும்; பான்க்ரொஃப்டுக்கு முன்னமே பூங்கா வந்துவிடும். ஏரியில் மோட்டார் படகு விடக் கூடாது. கரையில் கொட்டேஜ்களும் கிடையாது. பெயருக்கு ஏற்ற ஏரி.

இடம் பிடிப்பது

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் நீங்கள் போய் இறங்கும் நாளுக்குச் சரியாக 5 மாதம் முன்னால், காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். ஜூலை 18 போக வேண்டுமென்றால் பெப்ரவரி 18 காலை ஏழு மணிக்கு இணையத்தில் இருக்க வேண்டும். கோடைச் சனி, ஞாயிறு என்றால் கண் இமைப்பதற்குள் போய்விடும். முதல் நாளே கணக்குத் திறந்து, கடனட்டை விவரம் எல்லாம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த சைட் ஒன்றல்ல, மூன்றின் இலக்கமாவது குறித்து வையுங்கள். முதலாவது போனால் இரண்டாவது. யோசிக்க நேரம் இருக்காது.

தவறவிட்டாலும் கவலை இல்லை. இரத்து செய்கிறவர்கள் நிறையப் பேர். திங்கள் முதல் வியாழன் வரை போக முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சைலண்ட் லேக்கில் பின்சர் பே, கிரனைட் ரிட்ஜ் என்று இரண்டு முகாம் பகுதிகள். பதிவுத் தளத்தில் சைட்டுகளின் படமும், நிழல் எப்படி, மறைவு எப்படி என்ற குறிப்பும் இருக்கும். அதைப் பொறுமையாகப் பாருங்கள். புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை, கழிப்பறைக்குப் பக்கத்தில் எடுப்பது. இரவு முழுக்கக் கதவு அடிக்கும் சத்தமும், கூடாரத்துக்கு மேலால் போகும் ரோர்ச் வெளிச்சமும் உங்களுக்கே. நடந்துபோக இரண்டு, மூன்று நிமிடம் ஆகிற தூரம் சரி. தண்ணீரை ஒட்டிய சைட் படத்தில் அழகுதான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் எடுக்கமாட்டேன். இரண்டு நாளும் கண் தண்ணீரிலேயே இருக்கும், உங்களுக்கு ஓய்வு இல்லை.

ஒரு சைட்டில் 6 பேர்தான். ஒரே குடும்பம் என்றால் மட்டும் விதிவிலக்கு. கட்டணத்தில் ஒரு வாகனம் அடங்கும். அடுத்ததற்குத் தனிக் காசு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாங்கள் புறப்படுகிறோம் என்று கேள்விப்பட்டதும் "நாங்களும் வாறம்" என்று மாமா வீட்டாரும் கிளம்புவது எங்கள் வழக்கம். வரட்டும். ஆனால் பெப்ரவரியிலேயே சொல்லட்டும்.

எப்போது போவது

மே நடுப்பகுதியில் இருந்து ஜூன் பிற்பகுதி வரை பிளாக் ஃபிளை. கடுகளவு கறுப்பு ஈ. காதுக்குப் பின்னால், தலைமுடி தொடங்கும் ஓரத்தில் கடிக்கும். கடித்தது தெரியாது, இரத்தம் வழியும்போதுதான் தெரியும். பகலில் மட்டுமே கடிக்கும், கூடாரத்துக்குள் வந்துவிட்டால் கடிக்காது என்பதுதான் ஆறுதல். அதன் பின்னாலேயே நுளம்பு வந்து ஜூலை முழுக்க இருக்கும்.

என்னைக் கேட்டால் ஓகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்ரெம்பர் மூன்றாம் வாரம் வரை. ஓகஸ்டில் சூடேறிய தண்ணீர் உடனே ஆறாது, பூச்சி குறைந்துவிடும், பள்ளிக்கூடம் தொடங்கியதும் வார நாட்களில் பூங்கா காலி. விலை ஒன்று உண்டு: இரவில் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கலாம். அதற்குத் தயாராகப் போனால் போதும்.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை

கூடாரத்தை வீட்டில் ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் புறப்படாதீர்கள். பின்வளவு இல்லையா, வரவேற்பறைக் கம்பளத்தில் ஆணி அடிக்காமல் நிறுத்திப் பாருங்கள். எந்தத் தடி எந்தத் துளைக்கு என்று கைக்குத் தெரிந்துவிட்டால் அங்கே பதினைந்து நிமிட வேலை. பெட்டியில் "4 பேர்" என்று போட்டிருந்தால், தோளோடு தோள் ஒட்டி நாலு பேர் என்று அர்த்தம். சாமான் வைக்க இடமில்லை. பெரியவர் இருவர், பிள்ளை ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய ஆணிகளை நம்பாதீர்கள். சைலண்ட் லேக் இருப்பது கனேடியக் கேடயப் பாறையின் மேல். நாலு விரல் மண், அதன் கீழே கருங்கல். ஆணி வளைந்துவிடும். தடித்த இரும்பு ஆணி ஒரு டசினும், பத்துப் பதினைந்து மீற்றர் கயிறும் கொண்டுபோங்கள். இறங்காத இடத்தில் கயிற்றைக் கனமான கல்லில் சுற்றிக் கட்டலாம்.

அடுத்தது படுக்கை. காம்பிங் பிடிக்காது என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓர் இரவு குளிரில் நடுங்கியவர்கள். குளிர் மேலே இருந்து வருவதில்லை, கீழே இருந்து வருகிறது. மண் உங்கள் உடல் சூட்டை விடிய விடிய உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெறும் காற்று மெத்தை அதைத் தடுக்காது. உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்துவிடும். மெத்தைக்கு மேல் ஒரு தடித்த கம்பளியோ, தண்ணீர் உறிஞ்சாத நுரைப் பாயோ (closed-cell foam) விரித்தால் வித்தியாசம் அன்றிரவே தெரியும். தூங்கும் பையில் எழுதியிருக்கும் வெப்பநிலை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் எல்லை, சுகமாகத் தூங்கும் அளவு அல்ல. நீங்கள் எதிர்பார்க்கும் குளிரைவிட 5 முதல் 10 பாகை குறைவாக எழுதியதை வாங்குங்கள். படுக்கும்போது உலர்ந்த காலுறை, கம்பளித் தொப்பி. பகல் முழுக்கப் போட்ட உடுப்போடு படுக்க வேண்டாம். அதில் வியர்வை ஈரம் இருக்கும்.

மின்சாரப் பம்பை வீட்டில் விட்டுவிட்டு, காலால் மிதிக்கும் பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று. தலைவலி மாத்திரை, பிளாஸ்ரர், உண்ணி பிடுங்க நுனி கூரான சாமணம். நுளம்பு மருந்தில் டீட் (DEET) என்ற இரசாயனத்தின் அளவைப் பாருங்கள்: பெரியவர்களுக்கு 30 சதவீதம் வரை, 12 வயது வரையான பிள்ளைகளுக்கு 10 சதவீதம் வரை என்பது கனடாவின் பரிந்துரை. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசவே கூடாது, வலை போடுங்கள்.

சாப்பாடு

இங்கேதான் நாங்கள் மற்றவர்களைவிட அதிகம் கொண்டுபோகிறோம், அதிகம் கஷ்டப்படுகிறோம். வெங்காயம் உரிப்பது, இஞ்சி உள்ளி இடிப்பது, இறைச்சி கழுவுவது எதற்கும் ஏரிக்கரை இடமல்ல.

ஆட்டுக்கறியை இரண்டு நாள் முன்னால் சமைத்து, ஸிப் பையில் போட்டு, தட்டையாகப் படுக்கவைத்து உறையவிடுங்கள். கூலரின் அடியில் அதுவே ஐஸ். சோடாப் போத்தல்களில் தண்ணீர் உறையவைத்து அடுக்குங்கள். கடை ஐஸ்போல உருகிச் சாமானை நனைக்காது, உருகியதைக் குடிக்கவும் செய்யலாம். குடிபானத்துக்குத் தனிக் கூலர். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறப்பது அதைத்தான்.

புறப்படும் நாள் காலையில் ஸ்காபரோவில் ஏதாவது சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் வாங்கிவிடுங்கள். மாலையில் அது காய்ந்து விறைத்திருக்கும். பத்து இடியப்பத்தை அலுமினியத் தாளில் வைத்து, கையால் இரண்டு தரம் தண்ணீர் தெளித்து, இறுக்கிச் சுற்றி, மூடிய சட்டியில் சின்ன நெருப்பில் ஐந்து நிமிடம் வையுங்கள். தாளைப் பிரிக்கும்போது ஆவியோடு வாசம் வரும். அவித்து இறக்கியதுபோல இருக்கும். தேங்காய்ச் சம்பலைத் தேசிக்காய் விடாமல் அரைத்துக் கொண்டுபோய், பரிமாறும்போது தேசிப்புளி விடுங்கள். அடுத்த நாள் காலைக்குப் பாணும் முட்டையும். மதியத்துக்கு ரின் மீன். இரண்டாம் இரவுக்கு ரவை உப்புமா, அல்லது பருப்பும் சோறும். இரண்டு நாளைக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

என் அம்மா ஒரு தடவை கருவாடு பொரிக்க ஆசைப்பட்டார். செத்தல் மிளகாயும் சேர்த்து. காற்று பக்கத்துச் சைட் பக்கம் போனது. நாலு பேர் இருமிக்கொண்டு எழுந்து போனார்கள். அதைவிடப் பெரிய விருந்தாளி ஒருவர் இருக்கிறார். அங்கே கறுப்புக் கரடி உண்டு.

கரடிக்குக் கண்ணைவிட மூக்குத்தான் பெரிது. சாப்பிட்டு முடிந்த உடனேயே கூலர், அடுப்பு, எண்ணெய், ஊறுகாய்ப் போத்தல், குப்பைப் பை, பற்பசை, சவர்க்காரம் எல்லாம் காருக்குள் போய் கண்ணாடி மூடப்பட வேண்டும். காலையில் எடுத்து வைக்கலாம் என்பது இல்லை. கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது. பிள்ளைகளின் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள், மிட்டாய் இருக்கும். சமைத்த உடுப்பை மாற்றிவிட்டுப் படுங்கள். நடைமுறையில் உங்களிடம் வரப்போவது பெரும்பாலும் ரக்கூனும் சின்ன வரி அணிலும்தான், ஆனால் கரடிக்குப் பழக்கம் ஏற்படுத்தினால் கடைசியில் அந்தக் கரடியைத்தான் கொல்ல நேரும். கண்டால் ஓடாதீர்கள். பார்த்தபடியே, உரத்துக் கதைத்துக்கொண்டு, மெல்லப் பின்னால் போங்கள். பிறகு பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள்.

பாத்திரத்தை ஏரியில் கழுவக் கூடாது. "மக்கும் சவர்க்காரம்" என்று எழுதியிருந்தாலும் கூடாது. கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போய் இறங்கியதும்

சைட் மதியம் 2 மணிக்குக் கிடைக்கும். மூன்று, நான்கு மணிக்குள் அங்கே இருக்கப் பாருங்கள். இருட்டில் கூடாரம் போடுவதைப்போல குடும்பத்தைப் பிரிக்கிற வேலை வேறில்லை.

முதலில் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை, சாய்ந்த மரம் இருந்தால் அதன் கீழே வேண்டாம். பிறகு குனிந்து பாருங்கள்: பள்ளமான இடத்தில் பைன் ஊசி இலைகள் கோடுபோல் ஒதுங்கியிருந்தால் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. கல்லும் சுள்ளியும் பொறுக்கிவிட்டு ஐந்து நிமிடம் வெறும் நிலத்தில் படுத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் தலை மேட்டுப் பக்கம்.

அடிவிரிப்பு கூடாரத்தின் அளவைவிட ஓர் அங்குலமாவது சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழையைப் பிடித்து நேரே உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவரும். கூடாரத்து ஜன்னல்களைக் குளிருக்குப் பயந்து முழுக்க மூடாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே படிந்து விடியும்போது சொட்டும். குளிர் என்று எரிவாயு அடுப்பையோ கரியடுப்பையோ உள்ளே எடுத்துப் போவதை நினைக்கவே வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

நெருப்பு

விறகை வீட்டில் இருந்து கொண்டுபோகாதீர்கள். எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002இல் வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அது தானாகப் பறந்து போனதைவிட, விறகுக்குள் ஒளிந்து காரில் போன தூரம் அதிகம். ஆஷ் மரங்களை அது கொன்று குவித்திருக்கிறது. பூங்காவிலேயே விறகு விற்பார்கள். விழுந்த கிளையைப் பொறுக்குவதும் கூடாது. நெருப்புத் தடை இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

நெருப்பைச் சின்னதாக வையுங்கள். பெருவிரல் தடிப்புச் சுள்ளியாகக் கொஞ்சம் பிளந்துகொண்டு, அது பிடித்த பிறகு பெரிய கட்டை. கோடரிச் சத்தமும் தண்ணீருக்கு மேலால் போகும், ஆகவே பகலிலேயே பிளந்து அடுக்கிவிடுங்கள். படுக்கப் போக அரை மணி நேரம் முன்னால் விறகு போடுவதை நிறுத்துங்கள். பிறகு தண்ணீர் ஊற்றி, தடியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பலுக்குக் கிட்டப் புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்றால்தான் படுக்கலாம்.

ஏரியில்

பூங்காவில் கனூ வாடகைக்கு எடுக்கலாம். ஆளுக்கு ஓர் உயிர்காப்புச் சட்டை, விசில், தண்ணீர் இறைக்க ஒரு கோப்பை, 15 மீற்றர் மிதக்கும் கயிறு, இவ்வளவும் படகில் இருக்க வேண்டும். இது கனடாவின் சட்டம். சட்டையைக் காலுக்குக் கீழே போடாமல் உடம்பில் போடுங்கள். எங்களில் நீந்தத் தெரியாதவர்கள் அதிகம், மாகாணப் பூங்கா ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. தண்ணீரில் நிற்கும் பிள்ளைக்குக் கை எட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும், கைத்தொலைபேசி இல்லாமல்.

விடியற்காலை ஆறு மணிக்கு எழும்பி இறங்கிப் பாருங்கள். பனிப்புகை தண்ணீரை விட்டு எழும்பிக்கொண்டிருக்கும். துடுப்பைத் தூக்கினால் நுனியில் இருந்து விழும் சொட்டுகளின் சத்தம்தான் அங்கே பெரிய சத்தம். லூன் பறவை இருந்தால் கட்டாயம் தெரியும். கனடாவின் ஒரு டொலர் குற்றியில் இருக்கிறதே, அதே பறவை. நீளமாக ஊளையிடுவது துணையை அழைப்பது. பைத்தியம் சிரிப்பதுபோல நடுங்கிச் சிரித்தால் அதற்குப் பயம் வந்துவிட்டது. நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள், துடுப்பைத் திருப்புங்கள். மீன் பிடிப்பதானால் அனுமதிப்பத்திரம் வேண்டும், ஈயக் குண்டு வேண்டாம். ஈயத்தை விழுங்கும் லூன் நஞ்சேறிச் செத்துப்போகும்.

நடப்பதற்கு லேக்ஹெட் லூப் 1.5 கிலோமீற்றர், பொனீஸ் பொண்ட் 3 கிலோமீற்றர். பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் போதும். ஏரியைச் சுற்றிப் போகும் பாதை 15 கிலோமீற்றர். பாறையும் வேரும் ஏறி இறங்க முழுநாள் ஆகும். செருப்போடு போகாதீர்கள். திரும்பி வந்ததும் முழங்காலுக்குப் பின், அக்குள், இடுப்பு, தலைமுடியில் உண்ணி பாருங்கள். இருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் பூசுவது, நெருப்பால் சுடுவது எல்லாம் ஊர் வைத்தியம். இங்கே உண்ணியால் பரவும் லைம் நோய் இருக்கிறது, அவை ஆபத்தைக் கூட்டும்.

இடி கேட்டால் கூடாரம் பாதுகாப்பல்ல. எல்லோரும் காருக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் உள்ளேயே இருங்கள். சீட்டுக்கட்டு ஒன்று காரில் எப்போதும் இருக்கட்டும்.

இரவு

பாட்டுப் பெட்டி வேண்டாம். பிள்ளைகள் முதல் அரை மணி நேரம் "சலிப்பாக இருக்கு" என்பார்கள், சமாளியுங்கள். பத்து மணிக்குப் பிறகு கார்க் கதவைத் திறப்பதைக் குறையுங்கள். பூட்டும்போது எழும் "பீப்" சத்தத்தை நிறுத்தும் வழி உங்கள் காரிலும் இருக்கும், வீட்டிலேயே கண்டுபிடித்து வையுங்கள். ஓகஸ்ட் 12, 13 இரவுகளில் அங்கே இருந்தால் ஏரிக்கரைக்குப் போய்ப் படுத்து வானத்தைப் பாருங்கள், பெர்சீயிட் எரிநட்சத்திரங்கள் உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை.

திரும்பும் நாள்

2 மணிக்குள் சைட்டை விட வேண்டும். காலையில் முதலில் தூங்கும் பைகளை வெயிலில் தொங்கவிடுங்கள், கூடாரத்தைக் கடைசியாகக் கழற்றுங்கள்; பனி ஈரம் காய நேரம் கிடைக்கும். கழற்றிய பிறகு நாலு பக்கமும் கால்நடையாக ஒரு சுற்று. கயிற்றுத் துண்டு, போத்தல் மூடி, பாண் பைக் கிளிப், ஒற்றைக் காலுறை என்று எப்போதும் ஏதாவது அகப்படும்.

வீட்டுக்கு வந்ததும் களைப்பில் கூடாரத்தை அப்படியே நிலவறையில் போட்டுவிட வேண்டாம். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் பிடித்து அடுத்த வருடம் திறக்கும்போது நாறும். கதிரைகளின் மேல் விரித்து இரண்டு நாள் விடுங்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டு நாளும் சாப்பாட்டு மேசைக்குப் போக கூடாரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்குள் பிள்ளைகள் அடுத்த வருடத் திகதியைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்ட திகதியில் இருந்து 5 மாதம் பின்னால் எண்ணி, நாட்காட்டியில் "காலை 7" என்று எழுதிவிடுங்கள்.